கதவைத் தட்டினார், கள்வர் என்றனர்!

கல்லூரியிலே இடம் கேட்பது குற்றமா? குற்றமென்று எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லவில்லை. எனினும், அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலே, மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த ஹாட்டிஸ்பர்க் நகரிலே, மக்களின் வரிப்பணத்தில் நடந்து வந்த ஒரு சிறு கல்லூரியில் இடம் வேண்டி விண்ணப்பம் எழுதினார் ஒருவர். எழுதிய குற்றத்துக்காக அவர் வேவு பார்க்கப்பட்டார், கைது செய்யப்பட்டார், வாழ்வுக்கு வழியாக இருந்த கோழிப்பண்ணையை இழந்தார், கள்வர் என்று பட்டம் சூட்டப்பட்டு ஏழாண்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார், நோயுற்று, 36-ஆம் வயதிலே மாண்டார். அவர் பெயர் கிளைட் கென்னார்டு.

அதே மாநிலத்தின் பெரிய பல்கலைக் கழகத்திலே 1962-இல் படைவீரர் புடைசூழ நுழைந்த ஜேம்ஸ் மெரிடித்தை உலகம் அறியும். ஏடுகள் எழுதின, படங்கள் வந்தன. அவருக்கு முன்பே, படையுமின்றிப் புடையுமின்றி, கையிலே விண்ணப்பத் தாள் ஒன்றை மட்டும் ஏந்திச் சென்ற கென்னார்டை அறிந்தோர் மிகச் சிலர். வென்றவரைப் பாடப் பலர் உண்டு. நாம் இங்கே சொல்ல முனைவது உள்ளே நுழையாமலே போனவரின் கதை.

1927-இல் அந்த ஹாட்டிஸ்பர்க் வட்டாரத்திலேயே பிறந்தவர் அவர். உழவர் வீட்டுப் பிள்ளை. இளம் வயதிலே இராணுவத்தில் சேர்ந்தார்; ஏழாண்டுக் காலம் பணியாற்றினார்; வான்குடை கட்டி விண்ணிலிருந்து குதிக்கும் படைவீரராக இருந்தார்; கொரியப் போரையும் கண்டார். நாட்டுக்காக உயிரைக் கொடுக்க வா என்றபோது எவரும் அவருடைய நிறத்தைக் கண்டு தடுக்கவில்லை என்பதைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். படையை விட்டு வந்தபின் சிகாகோ பல்கலைக் கழகத்தில் சேர்ந்து படித்தார். படிப்பு முடிய ஓராண்டே இருந்த வேளையிலே, 1955-இல், ஊரிலே மாற்றாந்தந்தை நோயில் வீழ்ந்தார். பண்ணையைப் பார்க்கத் தாய்க்குத் துணை வேண்டும். திரும்பி வந்தார் மகன். கோழி வளர்த்தார், முட்டை விற்றார். ஆனால், அந்த ஓராண்டுப் படிப்பு உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

பண்ணையிலிருந்து சில கல் தொலைவிலே இருந்தது மிசிசிப்பி சதர்ன் கல்லூரி. 1910-இல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க நிறுவப்பட்டது. அரசினர் கல்லூரி. கென்னார்டு விற்கும் முட்டையிலும் அதற்கு வரி உண்டு. ஆனால், வகுப்பறையிலே அவருக்கு இடம் இல்லை. அது வெள்ளையர் கல்லூரி! கறுப்பருக்கென்று தனிக் கல்லூரிகள் வேறிடத்தில் இருந்தன. பண்ணையையும் தாயையும் விட்டு விட்டுப் போனால்தான் அங்கே படிக்கலாம். அருகிலே கல்லூரி இருக்க, ஏன் போக வேண்டும்? இதுதான் அவர் கேட்டது. இதைவிட எளிய கேள்வி ஒன்று இருக்க முடியுமா?

1954 மே 17-ஆம் நாள், பள்ளிகளிலே நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சட்டம் போட்டு வைத்திருந்த பூட்டு உடைந்தது. பூட்டு உடைந்தால் என்ன? கதவுக்குப் பின்னே கல்லை உருட்டி வைக்கத் தெரியாதவர்களா ஆதிக்கக்காரர்கள்? அதே ஆண்டிலே மெட்கர் எவர்ஸ் என்னும் கறுப்பின இளைஞர், மிசிசிப்பிப் பல்கலைக் கழகத்தின் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டு மறுக்கப்பட்டார். ஆண்டு முடிவதற்குள்ளாகவே, மாநிலத்தின் உயர்கல்வி ஆட்சிக்குழு ஒரு புது விதி செய்தது. மிகவும் கண்ணியமான விதி! கல்லூரியிலே சேர விரும்புகிறவர், அதே கல்லூரியில் முன்னர்ப் படித்தவர்கள் ஐவரிடம் நன்னடத்தைச் சான்று வாங்கி வர வேண்டும்.

நன்னடத்தைச் சான்று என்றால் நம் மாணவத் தோழர்கள் திடுக்கிடப் போவதில்லை. படிவத்தோடு படிவமாக அதையும் இணைத்துப் பழகியவர்கள்தாமே நாம்! ஆனால், அந்த விதியை மீண்டும் ஒருமுறை படியுங்கள். அதிலே கறுப்பு என்ற சொல் உண்டா? இல்லை. வெள்ளை என்ற சொல் உண்டா? அதுவும் இல்லை. இனம், நிறம், குலம் ஒன்றும் பேசவில்லை அது. ஒழுக்கத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. எனினும், அக் கல்லூரியிலே அதுவரை படித்தோர் அத்தனை பேரும் வெள்ளையர். ஆக, ஒரு கறுப்பர் உள்ளே வர வேண்டுமானால், வெள்ளையர் ஐவர் தம் பெயரை எழுதிக் கையொப்பமிட்டு, ஊரார் முன்னிலையிலே, தம் இனத்தாரின் பகையை விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும்! ஐந்து கையெழுத்து, அவ்வளவுதான். ஆயிரம் அடி மதிலை ஐந்து கையெழுத்தில் கட்டி முடித்தனர். சட்டத்தை வளைப்பவன் முரடனாக இருக்க வேண்டுமென்பதில்லை. நல்ல எழுத்தராக இருந்தால் போதும்.

1956-இல் கென்னார்டு முதன்முறை விண்ணப்பித்தார். ஐந்து கையெழுத்து எங்கே என்றனர். கிடைக்கவில்லை. விண்ணப்பம் தள்ளப்பட்டது.

அவர் கூச்சலிடவில்லை. வழக்குமன்றம் ஓடவில்லை. அவர் பெற்றிருந்த ஆயுதம் எழுத்து ஒன்றே. உள்ளூர் ஏட்டுக்குக் கடிதங்கள் எழுதினார். எல்லாவற்றையும் இரண்டிரண்டாகக் கட்டிக்கொண்டே போனால் இந்த ஏழை மாநிலம் தாங்குமா என்று கணக்குக் கேட்டார். மனிதரை நிறத்தால் அளப்பதை விட்டுத் தகுதியால் அளக்கும் நாளிலே இச் சிக்கல் தீரும் என்று எடுத்துரைத்தார். 1958 டிசம்பரிலே, மீண்டும் விண்ணப்பிக்கப் போவதாக ஏட்டின் வாயிலாகவே அறிவித்தார். மறைவேதும் இல்லை, நாள், நோக்கம், காரணம் அனைத்தும் வெளிப்படை. அவர் ஞாயிறுதோறும் தேவாலயத்திலே சிறுவர்க்குப் பாடம் சொன்னவர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவரைத் தடுத்தவர்களும் அதே வேதத்தைத்தான் ஓதினார்கள்!

இதற்கிடையே, 1956-இல் மிசிசிப்பி அரசு இறையாண்மை ஆணையம் என்ற ஒன்றை அமைத்திருந்தது. பெயரைக் கேட்டால் ஏதோ பெரிய அரசியல் அமைப்பு என்று தோன்றும். வேலையோ, நிறப் பிரிவினையைக் காக்க ஊரூராய் வேவு பார்ப்பது. இதற்கும் மக்கள் பணம்தான். கூட்டரசின் துப்பறியும் துறையிலே முன்பு பணிபுரிந்த சாக் வான் லாண்டிங்ஹாம் என்பவர் கென்னார்டின் பிறப்பு முதல் பற்றுவரவு வரை துருவினார். பள்ளி, படை, வங்கி, அண்டை அயல் — ஒன்றையும் விடவில்லை. குறை காணப் போனவர் கண்டதென்ன? அறிவுடையவர், நேர்மையானவர், அமைதியானவர் என்றே கேட்டவரெல்லாம் கூறினர். ஐவர் தர மறுத்த நன்னடத்தைச் சான்றை, வேவுகாரரே தம்மையறியாமல் எழுதிச் சேர்த்து வைத்தார்! அதே கோப்பிலே இன்னொன்றும் பதிவாகியிருக்கிறது: கென்னார்டின் கார் மீது இரயில் மோதும்படி செய்யலாம், அல்லது சாலையிலே விபத்து நேரும்படி செய்யலாம், எவருக்கும் தெரியாது என்று உள்ளூர் வெள்ளையர் பிரமுகர் ஒருவர் வேவுகாரரிடம் பேசியது. தாளிலே தட்டெழுதி, எண் போட்டு, கோப்பிலே கோத்து வைத்தனர்.

அப்போதைய ஆளுநர் கோல்மன், தேர்தல் காலம், பொறுத்திரும் என்றார். கென்னார்டு பொறுத்தார். 1959-இல் தேர்தல் அமளி ஓய்ந்தபின் மறுபடி விண்ணப்பித்தார். செப்டம்பர் 15-ஆம் நாள் கல்லூரித் தலைவர் வில்லியம் மக்கெய்ன் அவரை அழைத்தார். அறையிலே வான் லாண்டிங்ஹாமும் இருந்தார். கல்லூரி சேர வந்தவரை வேவுகாரர் முன்னிலையிலே விசாரிக்கும் விந்தை! விண்ணப்பத் தாள்களிலே குறைகளும் முரண்களும் இருப்பதால் இடமில்லை என்று சொல்லப்பட்டது. அப்போதும் நிறம் என்ற சொல் வரவில்லை. தாளிலே குறை, அவ்வளவே.

வெளியே வந்தார் கென்னார்டு. காவலர் இருவர் காத்திருந்தனர். கண்மூடித்தனமாகக் காரோட்டினார் என்று கைது செய்தனர். பிறகு காரிலே விஸ்கி புட்டிகள் இருந்தன என்றனர். மிசிசிப்பியிலே 1966 வரை மதுவிலக்கு நடப்பிலிருந்தது. குடிப்பழக்கமே இல்லாதவர் காரிலே, கல்லூரித் தலைவரைப் பார்க்க வந்த நாளிலே, மதுப் புட்டிகளாம்! நம்பியது நீதிமன்றம். 600 டாலர் தண்டம் விதித்தது. பிறகு கடன் வாயில்கள் அடைபட்டன. பண்ணை கைவிட்டுப் போயிற்று.

அதனுடனும் அவர் ஓயவில்லை, அவர்களும் ஓயவில்லை. 1960 செப்டம்பரிலே உள்ளூர்க் கூட்டுறவுக் கிடங்கிலிருந்து கோழித் தீவன மூட்டைகள் ஐந்து களவு போயின. விலை 25 டாலர். எடுத்தவன் ஜானி லீ ராபர்ட்ஸ் என்ற பத்தொன்பது வயதுக் கறுப்பின இளைஞன். கென்னார்டு சொல்லித்தான் எடுத்தேன் என்று அவன் வாயால் சொல்ல வைத்தனர். நவம்பரிலே வழக்கு. அறங்கூறுவோர் பன்னிருவரும் வெள்ளையர். பத்தே நிமிடத்திலே முடிவு. களவு செய்தவன் வீட்டுக்குப் போனான். செய்யத் தூண்டினார் என்று சொல்லப்பட்டவருக்கு ஏழாண்டுச் சிறை! இது நீதியை நையாண்டி செய்யும் தீர்ப்பு என்று கண்டித்த மெட்கர் எவர்சுக்கும், நீதிமன்ற அவமதிப்பு என்று முப்பது நாள் சிறையும் 100 டாலர் தண்டமும் விதித்தனர். மேல்மன்றம் அதைப் பின்னர் நீக்கிற்று. ஏழாண்டை நீக்க எந்த மன்றமும் முன்வரவில்லை. நாட்டின் உச்ச நீதிமன்றமும் வழக்கை ஏற்கவில்லை.

பார்ச்மன் என்னும் சிறைப்பண்ணைக்கு அனுப்பினர். பருத்திக் காட்டிலே கதிரவன் எழுமுன் தொடங்கும் வேலை. எழுதப் படிக்கத் தெரியாத கைதிகளுக்கு வீட்டுக் கடிதம் எழுதித் தந்தார், எழுத்தும் கற்பித்தார். கல்லூரி அவருக்கு மறுத்ததை அவர் கைதிகளுக்கு மறுக்கவில்லை. விரைவிலே குடலில் புற்றுநோய் கண்டது. அறுவை செய்த மருத்துவர்கள் விடுதலை செய்யுமாறு பரிந்துரைத்தும், மீண்டும் வயலுக்கே இழுத்து வந்தனர். செய்தி வெளியே பரவியது. நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரிகோரி பணமும் குரலும் கொடுத்தார். மார்ட்டின் லூதர் கிங் குரல் கொடுத்தார். சிறையிலேயே இறந்துவிட்டால் பழி வருமே என்ற அச்சத்தாலோ என்னவோ, 1963 ஜனவரியிலே ஆளுநர் ராஸ் பார்னெட் அவரை வெளியே விட்டார். மன்னிப்பு அன்று, தண்டனை நிறுத்திவைப்பு மட்டுமே. ஜூன் 12-ஆம் நாள் கென்னார்டின் பிறந்த நாள்; அன்றுதான் மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்று வாரம் கழித்து, ஜூலை 4-ஆம் நாள், அமெரிக்கா தன் விடுதலை நாளைக் கொண்டாடிக் கொண்டிருந்தபோது, சிகாகோ மருத்துவமனையிலே கென்னார்டின் கண்கள் மூடின.

ஐந்து கையெழுத்து விதி என்னவாயிற்று? மெரிடித் வழக்கிலே, 1962-இல், கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. எந்தத் தாளைக் காட்டி முதன்முறை கென்னார்டைத் திருப்பி அனுப்பினரோ, அந்தத் தாள் சட்டத்துக்குப் புறம்பானது என்று தெளிந்த வேளையிலே, அவர் பார்ச்மனிலே கைதியாக இருந்தார். 1965 செப்டம்பரிலே, பல்கலைக் கழகமாக உயர்ந்துவிட்ட அதே நிறுவனத்துக்குள் ரேலானி பிராஞ்சு, குவெண்டலின் எலெய்ன் ஆம்ஸ்ட்ராங் என்ற இரு கறுப்பினப் பெண்கள் மாணவிகளாக நுழைந்தனர்.

வேவுக் கோப்புகளை மூடி வைக்க மாநிலச் சட்டமன்றம் 1977-இல் ஆணையிட்டது. ஐம்பதாண்டு திறக்கலாகாது என்றது. நீதிமன்றம் தலையிட்டு 1998-இல் திறந்தது. அக் கோப்புகள் இருந்த இடம் எது தெரியுமா? மாநில ஆவணக் காப்பகம். கல்லூரித் தலைவராவதற்கு முன் மக்கெய்ன் பல ஆண்டுகள் தலைமை வகித்தது அதே துறைக்குத்தான்! தாளைக் காக்கக் கற்றவர். தாளால் கதவடைக்கவும் கற்றார்.

2005-இல், முதுமை எய்திய ராபர்ட்ஸ், கென்னார்டுக்கும் அக் களவுக்கும் தொடர்பில்லை என்று வாய் திறந்தார். இலினாய் மாநிலப் பள்ளி மாணவியர் சிலரும் அவர்களின் ஆசிரியரும், வடமேற்குப் பல்கலைக் கழகத்துச் சட்ட அறிஞர்களும் வழக்கைத் தூக்கி நிறுத்தினர். இறந்தவருக்கு மன்னிப்பு வழங்கும் வழக்கமில்லை என்று ஆளுநர் பார்பர் ஒதுங்கினார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? 2006 மே திங்களிலே, தண்டித்த அதே மாவட்ட நீதிமன்றம், பழைய தீர்ப்பை அடியோடு நீக்கிற்று.

ஹாட்டிஸ்பர்க்கிலே அவ் வளாகத்தின் மாணவர் பணிமனைக் கட்டடத்துக்கு 1993-இல் கென்னார்டின் பெயரைச் சூட்டினர். அங்கே முதன்முதல் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பரான வால்டர் வாசிங்டனின் பெயரும் உடன் சேர்ந்திருக்கிறது. 2018-இல் கென்னார்டுக்குச் சிறப்பு முனைவர் பட்டமும் அளித்தனர். அவர் கேட்டிருந்தது முனைவர் பட்டம் அன்று, ஓராண்டுப் படிப்பு. அதே வளாகத்திலே ஆவணக் காப்பகத்தோடு கூடிய நூலகம் ஒன்று இருக்கிறது. அது மக்கெய்ன் பெயரைத் தாங்கி நிற்கிறது.