ஒரு நொடி ஆத்திரமா? பல வருட எச்சரிக்கையா?

(குடும்ப வன்முறை குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற அங்கத்தின் ஒளிப்பதிவு முடிந்ததும், பார்வையாளர் வரிசையில் இருந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்துக் கொண்டார். "நாலு வருஷமா பக்கத்து வீட்டுல சத்தம் கேட்டுச்சும்மா. புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கு எதுக்குன்னு டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சோம். கடைசியில போலீஸ் வந்துதான் கதவைத் திறந்துச்சு" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

மறுநாள் பத்திரிகையில் என்ன வந்திருக்கும்? "வாக்குவாதம் முற்றியதில் கணவன் வெறிச்செயல்." ஒரு நொடி ஆத்திரத்தில் நடந்துவிட்டதாகத்தானே நாமும் படித்துவிட்டுப் போகிறோம்? இந்த "ஒரு நொடி" என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

சட்டம் பார்த்த ஒரு நொடி

1860-ஆம் ஆண்டு இந்தியாவில் ஆங்கிலேயர் ஒரு தண்டனைச் சட்டத்தைக் கொண்டு வந்தார்கள். அதை ஒட்டிய சட்டமே பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1872-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 300-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கடுமையாகவும் திடீரெனவும் சினமூட்டப்பட்டு, தன்னிலை இழந்து ஒருவர் உயிரைப் பறித்தால், அது அந்தப் பிரிவு சொல்லும் கொலையாகாது. தண்டனை குறைந்த குற்றமாகிவிடும்.

இந்த விதி எல்லாருக்கும் பொதுவானது. ஆனால் அது கொலைக்கு முந்தைய சில நிமிடங்களைத்தான் உற்றுப் பார்க்கிறது. அதற்கு முன் அந்த வீட்டில் கழிந்த பல வருடங்களை யார் பார்ப்பது?

தாதி தேடிய தடயங்கள்

அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்பல் என்ற தாதியர் துறை ஆய்வாளர் அந்த வருடங்களைத் தேடிப் போனார். அடிபட்ட பெண்களுக்கு இருக்கும் உயிராபத்தைக் கணிக்க, 1980-களின் நடுவில் ஒரு கேள்விப் பட்டியலையும் உருவாக்கினார். 2003-இல் அவர் தலைமையிலான குழு 11 நகரங்களில், துணைவரால் கொல்லப்பட்ட 220 பெண்களின் வழக்குகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டது.

அவற்றில் தெரிந்தது என்ன? கொலைமிரட்டல், வீட்டில் துப்பாக்கி, எங்கே போகிறாய், யாரோடு பேசுகிறாய் என்று ஓயாத கட்டுப்பாடு, ஆணின் வேலையிழப்பு ஆகியவை ஆபத்தைக் கூட்டின. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு, ஒரு நாள் அவள் பிரிந்து போக முடிவெடுக்கும் நேரமும் மிக ஆபத்தான நேரம் என்று தெரிந்தது.

2008-இல் வந்த மற்றோர் ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. முன்பு ஒரு முறையாவது கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னர் அதே துணைவரால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல்! "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்? கழுத்தில் பதிந்த கை, நாளை உயிரையே எடுக்கலாம்.

நம் நாட்டில் திறந்த கதவுகள்

மலேசியாவில் இந்த உண்மையை முதலில் உணர்ந்தவர்கள் பெண்கள் அமைப்பினர். 1982-இல் பெண்கள் உதவி அமைப்பு, அடிபட்டு ஓடிவரும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் புகலிடம் திறந்தது. 1985-இல் பல அமைப்புகள் ஒன்று சேர்ந்து, தனிச் சட்டம் கேட்டுக் குரல் எழுப்பின. "வீட்டு விவகாரத்தில் அரசாங்கம் தலையிடலாமா?" என்றார்கள் சிலர். முஸ்லிம்களின் குடும்ப விவகாரம் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளதே என்ற சிக்கலும் எழுந்தது. தண்டனைச் சட்டத்தோடு இணைத்து வாசிக்கும் சட்டமாக எழுதியதால், அது எல்லா இனத்தவருக்கும் பொதுவானது.

குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறியது. அமலுக்கு வந்ததோ 1996 ஜூன் 1-ஆம் தேதிதான். மனைவி, கணவன், பிள்ளைகள், வயதான பெற்றோர் என எல்லாரும் அதன் பாதுகாப்புக்குள் வந்தார்கள். அதே 1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையின் அவசரப் பிரிவில், மருத்துவரும் போலீஸும் ஆலோசகரும் ஒரே இடத்தில் உதவும் நெருக்கடி மையம் தொடங்கப்பட்டது.

2012-இல் மன வதையும் குடும்ப வன்முறையாக ஏற்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் அவசரப் பாதுகாப்பு ஆணையைக் கொண்டு வந்தது. போலீஸ் புகார் இல்லாமலேயே சமூகநல இலாகா அதிகாரியிடம் அதைக் கேட்கலாம். இரண்டு மணி நேரத்திற்குள் வழங்கப்பட வேண்டிய அந்த ஆணை ஏழு நாள் செல்லும். அந்த ஏழு நாள், பிரிந்து வரும் பெண்ணின் மிக ஆபத்தான நாட்களாகவும் இருக்கலாம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சிங்கப்பூரிலும் பாதை எளிதாக இல்லை. நியமன நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் கன்வல்ஜித் சோயின் 1995-இல் கொண்டு வந்த குடும்ப வன்முறை மசோதா தோற்றது. ஆனால் அதன் பல கருத்துகள் மறு ஆண்டே மகளிர் சாசனத் திருத்தத்தில் இடம் பிடித்தன.

சட்டங்கள் வந்துவிட்டன. கொலைகள் நின்றனவா? ஐக்கிய நாடுகள் சபையின் கணிப்புப்படி 2023-இல் உலகம் முழுவதும் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டார்கள். ஒரு நாளைக்கு 140 பேர்!

நாம் என்ன செய்யலாம்?

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். நம்மில் பலர் அப்படித்தான் வளர்ந்தோம். ஆனால் அன்று தெரியாதது இன்று நமக்குத் தெரியும். குடும்பக் கொலை பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது, கேட்பதற்குத்தான் ஆளில்லை.

உங்கள் மகளோ தங்கையோ "கழுத்தைப் பிடித்தார்", "கொன்னுடுவேன்னார்" என்று சொன்னால், தயவுசெய்து சமாதானம் பேசித் திருப்பி அனுப்பாதீர்கள். அவள் பிரிந்து வருவதாகச் சொன்னால், தனியாகப் போய்ச் சாமான்களை எடுத்துவர விடாதீர்கள். பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால் மலேசியாவில் 999 அல்லது தாலியான் காசே 15999 எண்ணை அழையுங்கள். சிங்கப்பூரில் 999, அல்லது வன்முறைக்கு எதிரான உதவி எண் 1800 777 0000. பெயர் கெட்டுவிடும் என்று தயங்க வேண்டாம். போன பெயரை மீட்டுவிடலாம், போன உயிரை மீட்க முடியாது.

இனி சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டால், தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறையுங்கள். தொலைக்காட்சியில் வேலை செய்யும் நானே கேட்டுக்கொள்கிறேன்.