காட்டுக்குள் ஒரு கண்ணாடி வீடு

எளிமை என்ற சொல்லை நாம் இரு பொருளில் ஆள்கிறோம். பார்வைக்கு எளிமை ஒன்று. பராமரிப்பில் எளிமை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை நவீனக் கட்டடக்கலை அறிந்துகொள்ளக் காரணமானவற்றுள் அமெரிக்கக் காட்டுவீடு ஒன்றும் உண்டு.

வால்டன் குளக்கரையில் தோரோ 1845இல் கட்டிக்கொண்ட குடிலை இலக்கிய வாசகர்கள் அறிவர். பத்தடி அகலம், பதினைந்தடி நீளம். செலவு 28 டாலர் 12½ சென்ட். பெரும்பாலும் தம் கையாலேயே கட்டியதால், பழுது பார்க்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. சரியாக நூறாண்டுகள் கழித்து, 1945இல், சிகாகோவின் சிறுநீரக மருத்துவர் எடித் ஃபார்ன்ஸ்வொர்த், வார இறுதிகளைக் கழிக்க ஒரு வீடு வேண்டி, ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவை நாடினார்.

இல்லினாய் மாநிலத்தின் பிளேனோ ஊருக்கருகே, ஃபாக்ஸ் ஆற்றங்கரை மரங்களுக்கிடையே, 1951இல் வீடு நிறைவுற்றது. எட்டு வெண்ணிற எஃகுத் தூண்கள். நாற்புறமும் தரைமுதல் கூரைவரை கண்ணாடி. இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற வீடுகளுள் ஒன்றாக அதை வரலாற்றாசிரியர்கள் வைத்தனர்.

குடியிருந்தவரின் கணக்கோ வேறு. கோடையில் வெப்பம் உள்ளே தேங்கியது. திறக்கக்கூடிய சன்னல்கள் இரண்டே. குளிர்காலத்தில் கண்ணாடியில் ஈரம் படிந்தது. இரவில் விளக்கேற்றினால் பூச்சிகள் மொய்த்தன. எஃகு துருப்பிடியாதிருக்க, பூச்சைப் பேணிக்கொண்டே இருக்க வேண்டும். செலவு மதிப்பீட்டைத் தாண்டியதால் இருவரும் நீதிமன்றம் ஏறினர். தரைமட்டத்திலிருந்து ஐந்தடிக்கு மேல் தளத்தை உயர்த்தியிருந்தும் 1954இல் வெள்ளம் உள்ளே புகுந்தது. 1996இலும் 2008இலும் மீண்டும் புகுந்தது.

முன்தாழ்வாரத்துக்கு ஃபார்ன்ஸ்வொர்த் பூச்சிவலை அடித்துக்கொண்டார். 1972இல் வீட்டை வாங்கிய பீட்டர் பலம்போ, மீஸின் தோற்றத்தை மீட்பதற்காக அவ்வலையை அகற்றினார். கூடவே குளிர்சாதனமும் பொருத்தினார்! இச்சிறு செய்தி ஒன்றே நமக்குப் போதும் எனத் தோன்றுகிறது. 2003இல் 75 லட்சம் டாலருக்கு ஏலம் போய், வீடு இன்று காட்சியகமாக உள்ளது. எடித் என்ற பெயர் அதனுடன் சேர்ந்தது 2021இல்தான்.

இனி மற்றொரு வெள்ளச் சமவெளிக்குச் செல்வோம். வாஷிங்டன் மாநிலத்தின் மசாமாவில், மெத்தோ ஆற்றருகே, டாம் குண்டிக் வடிவமைத்த ‘டெல்டா ஷெல்டர்’ 2005இல் எழுந்தது. ஏறக்குறைய 1000 சதுர அடி. கால்கள்மேல் நிற்கும் எஃகுப் பெட்டி. வெளி எஃகுக்கு வண்ணம் இல்லை; துருவே அதன் நிறம். இங்கும் பெரிய கண்ணாடிகள் உண்டு. ஆயினும் உரிமையாளர் புறப்படும்போது ஒரு கைச்சக்கரத்தைச் சுழற்றினால், நான்கு பெரும் எஃகுக் கதவுகள் ஒருசேர நகர்ந்து அவற்றை மூடிவிடுகின்றன. வெயிலும் பனியும் ஆளில்லாத மாதங்களும் வரைபடத்திலேயே இடம்பெற்றுவிட்டன.

மீஸின் வீட்டை அழகற்றது என எவரும் சொல்லார், நாமும் சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டின் வரலாற்றை எழுதுவோர், அதை வரைந்தவரை மட்டுமன்றி அதன் கண்ணாடியைத் துடைத்தவரையும் கேட்டறிதல் முறையல்லவா?