அக்குறணை: கடைவீதிக்கு அடியில் ஒரு வயல்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

அக்குறணை என்றதும் வெளியூரவர்களுக்கு ஞாபகம் வருவது இரண்டு விஷயங்கள். ஒன்று வியாபாரம், மற்றது வெள்ளம். இரண்டைப் பற்றியும் நிறையப் பேசியாகிவிட்டது. ஆனால் இது அடிப்படையில் ஒரு விவசாய ஊர் என்பது எங்கள் பேச்சில் வருவதே இல்லை. எங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் சிரிப்பார்கள். "விவசாயமா, இங்கேயா?"

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கண்டியிலிருந்து வடக்கே போகும் ஏ9 வீதி, கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து மாத்தளைப் பக்கம் திரும்புகிறது. (அந்தத் 'தோட்டை' தோட்டம் அல்ல. 'தொட்ட' என்றால் சிங்களத்தில் ஆற்றுத்துறை.) அங்கிருந்து அளவத்துகொட வரைக்கும் ஒடுங்கிய ஒரு பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் குன்று, நடுவில் வீதியும் பிங்கா ஓயாவும். நாம் மாத்தளை நோக்கிப் போகும்போது ஓயா எமக்கு எதிரே வந்து, கட்டுகஸ்தோட்டையில் மகாவலியோடு சேர்கிறது. 6ஆம் கட்டை, 7ஆம் கட்டை, 8ஆம் கட்டை என்று நாம் இன்றும் இடம் சொல்வது கண்டியிலிருந்து எண்ணிய மைல் கணக்கில்தான். கிலோமீற்றர் வந்து எத்தனையோ காலம், கட்டை மட்டும் மாறவில்லை.

இந்தப் பள்ளத்தாக்கை அன்றைய மனிதர் மூன்று தட்டாகப் பிரித்தார்கள். ஓயாவை ஒட்டிய சேற்று நிலம் 'மட', அதாவது வயல், 'கும்புற'. அதற்கு மேலே தண்ணீர் ஏறாத 'கொட' நிலத்தில் வீடும் 'வத்த' என்ற தோட்டமும். அதற்கும் மேலே குரக்கன் விதைத்த சேனை, பிறகு காடு. எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். குருகொட, அளவத்துகொட, கசாவத்தை, புளுகொஹதென்ன, கல்ஹின்னை. 'தென்ன' என்றால் மலைச்சரிவில் உள்ள சமதரை. 'ஹின்ன' என்றால் மேடு. குடியிருப்புப் பெயர்களில் பெரும்பாலானவை மேட்டு நிலத்தின் பெயர்கள். பள்ளத்தில் யாரும் வீடு கட்டவில்லை என்பதை அந்தப் பெயர்களே சொல்லிவிடுகின்றன.

இன்னொரு சாட்சி வீட்டு அலுமாரியில் இருக்கிறது. பழைய காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். ஏக்கர், பேர்ச் வருவதற்கு முன் கண்டி நாட்டில் நிலத்தை அளந்தது விதையால். பத்து லாஹ ஒரு பேல, நான்கு பேல ஒரு அமுணம். வயல் என்றால் "இத்தனை பேல நெல் விதைப்பு" என்றும், மேட்டு நிலம் என்றால் "இத்தனை லாஹ குரக்கன் விதைப்பு" என்றும் எழுதியிருக்கும். இன்று மூன்று மாடிக் கட்டிடம் நிற்கும் காணியின் உறுதியிலும் அந்த விதைக் கணக்கு இருக்கலாம். எம்மை வந்தேறு வியாபாரிகள் என்று சொல்பவர்களுக்கு இதைவிடப் பதில் தேவையில்லை.

வியாபாரம் பொய் என்று சொல்ல வரவில்லை. இரண்டாம் இராஜசிங்கன் காலத்தில் அரபு நாட்டிலிருந்து வந்த மூவர் கண்டிப் பெண்களை மணமுடித்து இங்கே குடியேறினார்கள் என்பது ஊரின் வாய்மொழி மரபு. கண்டி மன்னர் காலத்தில் பொதிமாட்டுப் போக்குவரத்தைக் கவனித்த 'மடிகே' பிரிவில் முஸ்லிம்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கரையோரத்திலிருந்து உப்பும் புடவையும் கருவாடும் மலை ஏறும், மலையிலிருந்து பாக்கு இறங்கும். ஆனால் அந்தச் சேவைக்கு மன்னர் கொடுத்த கூலி காசு அல்ல, காணி. தவளம் ஓட்டியவனுக்கும் வயல் இருந்தது. வியாபாரி ஒருவன், கமக்காரன் இன்னொருவன் என்ற பிரிவு பின்னால் வந்தது.

1815இல் இராச்சியம் விழுந்தது. பிறகு கோப்பி வந்தது. பெருந்தோட்டக் கோப்பியைத்தான் சரித்திரப் புத்தகம் பேசும். கிராமத்தவர் வீட்டுத் தோட்டத்திலேயே வளர்த்த கோப்பியும் கணிசமானது, அதை வீடு வீடாகப் போய் வாங்கியவர்களில் எம்மவர்கள் பலர். 1869இல் இலைநோய் வந்து கோப்பியை அழித்தது. 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் போனது, ஆனால் வத்துகாமம் வழியாக. எங்கள் பள்ளத்தாக்குக்கு வீதி மட்டுமே மிஞ்சியது. கடைகள் வீதியோரமாக நீள நீளமாக வளர்ந்து, ஊர் ஒரு நாடா மாதிரி ஆனதற்கு இது ஒரு முக்கிய காரணம் என்று நினைக்கிறோம்.

மேட்டுத் தோட்டங்கள் மட்டும் தப்பிப் பிழைத்தன. மிளகு, கராம்பு, சாதிக்காய், கமுகு, பலா, ஈரப்பலா, கித்துள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காடு மாதிரித் தெரியும், உள்ளே ஒவ்வொரு மரத்துக்கும் கணக்கு உண்டு. கராம்பு மொட்டு விரிய முன் பறிக்க வேண்டும், விரிந்தால் விலை இல்லை. பாயில் பரப்பிக் காயவைத்தால் சில நாட்களில் சிவப்பு போய்க் கபில நிறம் வரும், அந்த வாசம் ஒழுங்கை முழுவதும் இருக்கும். மழை இருட்டினால் தொழுகைக்குப் போக நின்றவரும் பாயைச் சுருட்டத்தான் ஓடுவார்.

வயலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அரை ஏக்கர் வயலின் இரண்டு போக நெல்லும், அதே நிலத்தில் வீதியோரம் ஒரு கடையின் வாடகையும் எப்படி ஒப்பாகும்? மண் கொட்டி நிரப்பினார்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி நெற்காணியை நிரப்ப முடியாது. சட்டம் வரும்போது பல இடங்களில் கடை வந்து முடிந்திருந்தது.

வயல் என்பது நெல் விளையும் இடம் மட்டுமல்ல. வரம்பு கட்டிய ஒவ்வொரு பாத்தியும் மழைநீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடும் ஒரு சிறு குளம். குன்றுகளில் இருந்து இறங்கும் தண்ணீர் முன்பு அங்கே தங்கி, பிறகுதான் ஓயாவுக்கு வரும். இப்போது கூரையிலிருந்தும் கொங்கிரீட்டிலிருந்தும் நேரே ஓயாவுக்கு. ஓயாவோ இருபுறமும் மதில் நெருக்கி ஒடுங்கிப்போய்க் கிடக்கிறது. ஒரு பின்னேர மழை போதும், வீதியில் முழங்கால் தண்ணீர். குப்பை, பாலத்தின் உயரம், தூர்வாராமை எல்லாம் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் தூர்வாரினால் மட்டும் சரியாகிவிடும் என்று சொல்வோர், தண்ணீர் முன்பு எங்கே தங்கியது என்று கேட்பதில்லை.

தரம் 9 மாணவர்களோடு ஒரு பட்டியல் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறோம். 6ஆம் கட்டையிலிருந்து 9ஆம் கட்டை வரை, கடைகளுக்கு அடியில் இருந்த வயல்களின் பெயர்கள். உங்கள் உறுதியில் 'கும்புற' என்று முடியும் பெயர் இருந்தால் பெயரையும் கட்டையையும் மட்டும் கீழே எழுதுங்கள். உறுதியின் படம் போட வேண்டாம். வீட்டில் மூத்தம்மா, அப்பா இருந்தால் இன்றே கேளுங்கள். வெள்ளம் எந்தக் கடையில் எவ்வளவு உயரம் ஏறியது என்பதை அதே வரைபடத்தில் பிள்ளைகள் நீல நிறத்தில் குறிப்பார்கள்.