கழுவாத முட்டியும் கழுவின போத்தலும்

மட்டக்களப்பில் எந்த வீட்டுக் குசினிக்குப் பின்னால் போனாலும் கவிழ்த்து வைத்த நாலு போத்தலாவது இருக்கும். ஒரு காலத்தில் சாராயம் இருந்த போத்தலில் இப்போது படுவான்கரைத் தேன். இன்னொன்றில் நல்லெண்ணெய், மற்றதில் அச்சாறுக்கு வினாகிரி. பானையென்றால் கையை விட்டுத் தேய்க்கலாம். போத்தலுக்குள் கை போகாது. அதனால் அம்மம்மாமாருக்கு ஒரு முறை இருந்தது: ஒரு பிடி மணல், அடுப்புச் சாம்பல், பிய்த்த தும்பு, கொஞ்சம் சுடுதண்ணி. வாயைப் பொத்திக்கொண்டு குலுக்கு குலுக்கென்று குலுக்க வேண்டியதுதான்.

இந்தக் குலுக்கலுக்கும் ஒரு வரலாறு உண்டு. வீட்டில் செய்கிற பானத்தை எந்தப் பாத்திரத்தில் வைப்பது, அதை எப்படிக் கழுவுவது, யார் வாய் வைத்தால் அது அழுக்கு என்ற கேள்விகள் எல்லாம் அதற்குள் கிடக்கின்றன.

முதலில் போத்தலுக்கு முந்திய கதை. எழுவான்கரையின் மணல் தரை முழுக்கத் தென்னை. பாளையைச் சீவி முட்டி கட்டினால் சாறு சொட்டும். அந்தச் சாற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து வீதம் வரை சீனி. கள்ளுக்கென்று கட்டுகிற முட்டியைச் சீவல்காரர் மினுங்க மினுங்கக் கழுவுவதில்லை. ஏனென்றால் நேற்றைய கள்ளின் மிச்சம்தான் இன்றைய சாற்றுக்கு விதை. பாளையிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் மதுவம் வந்து சேரும்தான், ஆனால் பழைய முட்டியில் அது ஏற்கெனவே குடியிருக்கிறது. ஒரு நாளுக்குள் சீனி மதுசாரமாகி ஐந்து, ஆறு வீதத்துக்கு ஏறிவிடும். இன்னும் சில நாள் காற்றுப்பட விட்டால் பற்றீரியா அதை அசற்றிக்கமிலமாக்கும். அதுதான் நம்மட வினாகிரி.

எருமைத்தயிர்ச் சட்டியை யோசித்துப் பாருங்கள். பாலுக்கு உறை போடாமல் தயிர் வருமா? கழுவாத முட்டியும் ஒரு உறைதான்.

அதே மரத்திலிருந்து வெறிக்காத சாறு வேண்டுமென்றால் முட்டியைச் சுத்தமாக்கி உள்ளே சுண்ணாம்பு பூச வேண்டும். சிப்பியையோ முருகைக்கல்லையோ சுட்டு எடுத்த சுண்ணாம்பு, வெற்றிலைத் தட்டத்தில் இருக்கிற அதே சாமான். சுண்ணாம்பின் காரத்தன்மையில் மதுவமும் பற்றீரியாவும் பெருக முடியாது. சாறு பதநீராகவே நிற்கும்; காய்ச்சினால் கருப்பட்டி. பாத்திரத்துக்குள் எந்த உயிர் வாழலாம், எது வாழக்கூடாது என்ற முடிவை நம்மட ஆக்கள் நுணுக்குக்காட்டி இல்லாமலே எடுத்திருக்கிறார்கள்.

பிரான்சில் லூயி பாஸ்டர் பியரைப் பற்றிய தன் பெரிய நூலை வெளியிட்டது 1876இல். பியர் கெட்டுப்போவது தானாக நடக்கிற ஒன்றல்ல, வேண்டாத நுண்ணங்கிகள் உள்ளே புகுவதால்தான் என்று அதில் காட்டினார். கள்ளுக்கும் பியருக்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான். கள்ளு அன்றன்றைக்குக் குடிக்கிற சாமான். நாலைந்து வகை உயிர்கள் சேர்ந்து வேலை செய்தாலும் பரவாயில்லை. பியரோ முளைகட்டிய பார்லியைக் காய்ச்சி, தெரிந்தெடுத்த மதுவத்தை மட்டும் விட்டு, போத்தலில் அடைத்து வாரக்கணக்கில் வைப்பது. வீட்டில் பியர் காய்ச்சுகிற நாடுகளில் மூடுவதற்கு முன் கொஞ்சம் சீனியும் போடுவார்கள். மிச்ச மதுவம் அதைத் தின்று காபனீரொட்சைட்டை விடும். நுரை அப்படித்தான் வருகிறது. போத்தலின் அடியில் பழைய கசடு ஒட்டியிருந்தாலோ கதை வேறு. மதுவம் தின்னாமல் விட்ட சீனியையும் அந்தக் கசட்டில் இருக்கிற உயிர்கள் தின்னத் தொடங்கும், அமுக்கம் ஏறும், கடைசியில் போத்தல் வெடிக்கும். கண்ணாடித்துண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கள்ளுப் போத்தலை இறுக்கி மூடாதே என்று நம்மட ஊரில் சொல்வதும் இதற்காகத்தான்.

ஐரோப்பியருக்கும் போத்தல் கழுத்து ஒரு தலையிடியாகவே இருந்தது. நாங்கள் மணல் போட்டுக் குலுக்கிய மாதிரி அவர்கள் ஈயக் குண்டு போட்டுக் குலுக்கினார்கள். அடியில் ஓரிரு குண்டு மாட்டிக்கொண்டால் வைனின் புளிப்பில் ஈயம் கரையும், குடிப்பவர் உடம்பில் நஞ்சு ஏறும். பிறகு ஆலைகளில் சூடான எரிசோடாக் கரைசல் வந்தது. இந்த ஒரு விஷயத்தில் அம்மம்மாவின் மணலும் சாம்பலும் அவர்களை விடப் பாதுகாப்பானவை.

இனிச் சட்டம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் கள்ளுச் சீவுவதும் வீட்டில் மது காய்ச்சுவதும் குற்றம். அந்தக் காலத்தில் கள்ளுத் தவறணைகள் ஊர் ஊராகத் திறக்கப்பட, அதற்கு எதிராக மதுவிலக்கு இயக்கம் கிளம்பியது. அதில் நின்ற சிலர் பிறகு சுதந்திர அரசியலின் தலைவர்களானார்கள். தமிழ்நாட்டிலோ கள்ளுக்குத் தடை, பதநீருக்கு இல்லை. குற்றத்துக்கும் தொழிலுக்கும் நடுவில் நிற்பது முட்டிக்குள் பூசிய ஒரு விரல் சுண்ணாம்பு!

ஆனால் பாத்திரத்தின் அழுக்கை நுண்ணங்கியும் சட்டமும் மட்டும் தீர்மானிக்கவில்லை. மரம் ஏறிச் சீவியவர்களைச் சாதியின் கீழ்ப்படியில் வைத்தது நம்மட சமூகம். அவர் கை பட்ட கள்ளு இனிக்கும், அவர் வாய் பட்ட பேணி மட்டும் தீட்டு. யாழ்ப்பாணத்தில் பனையோலையை மடித்துக் கோலுகிற பிளாவில் கள்ளுக் குடிப்பார்கள். குடித்துவிட்டு எறியலாம், கழுவுகிற பேச்சே இல்லை. அழகான சாமான்தான். ஆனால் அதே யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள், மற்றவர்கள் குடிக்கிற பேணியில் அவர்கள் வாய் படக்கூடாதென்று. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தும் அது நிற்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து கிளம்பிய ஊர்வலமும், அதன் பின்னான தேநீர்க்கடைப் பிரவேசங்களும், கொடுத்த உயிர்களும்தான் அந்தப் போத்தலை உடைத்தன. எங்கட பக்கம் இப்படியெல்லாம் இல்லை என்று கிழக்கில் சொல்லுவாங்க. இங்கேயும் மரமேறிகளுக்கு ஒரு சாதிப் பெயர் இருந்தது, ஊர்க் கோயில் சடங்கில் அவர்கள் நிற்கிற இடமும் குறிக்கப்பட்டிருந்தது.

சுடுதண்ணியில் போகாத அழுக்கென்று ஒன்று இருந்தால் அது போத்தலில் இல்லை, கழுவச் சொல்கிறவரின் மண்டையில்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

குடியைப் புகழ இதை எழுதவில்லை. கசிப்பும் சாராயமும் நம்மட கிராமங்களில் என்ன செய்திருக்கின்றன என்று தெரியாதவர்கள் இல்லை. 2017இல் கல்குடாவில் எரிசாராயத் தொழிற்சாலை கட்டுவதற்கு எதிராக ஊர் திரண்டதும் அதனால்தான். ஆனால் வீட்டு வினாகிரிக்கும் இஞ்சிப் பானத்துக்கும் தேனுக்கும் போத்தல் வேண்டும், வெறும் போத்தல்கள் வாவிக்கரையில் உடைந்து கிடக்கின்றன. நீலகிரியில் உடைந்த போத்தல் யானைகளின் காலைக் கிழிக்கிறதென்று நீதிமன்றம் தலையிட்டு, 2022இலிருந்து மதுப்போத்தலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். வாவிக்கும் அப்படி ஒன்றைக் கேட்கலாம்.

அதுவரைக்கும் வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான். முடிந்த உடனே போத்தலை அலசுங்கள். காய்ந்த கசடுதான் சண்டைக்காரன். சாம்பலோ சலவைச் சோடாவோ போட்டு, தும்பால் அல்லது நீளத் தூரிகையால் தேய்த்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கசடு இருக்கிற போத்தலை எவ்வளவு அவித்தாலும் அதற்குள் உயிர் ஒளிந்திருக்கும், அதனால் கழுவல் முதல், அவியல் பிறகு. அவிக்கும்போது பச்சைத் தண்ணியில் வைத்து மெல்லச் சூடாக்குங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி வெடிக்கும். சவர்க்காரம் மிஞ்சக் கூடாது. வாய் உடைந்த போத்தலை விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெயோ வயலுக்கு அடிக்கிற மருந்தோ இருந்த போத்தலை எந்தக் கழுவலும் திருத்தாது. படுவான்கரையில் வயல் உள்ள வீடுகளில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியதும் அதுதான்.