வயதும் அனுபவமும் வாகனம் ஓட்டுதலும்: சிறு விபத்துகள் குறித்து அறிய வேண்டியவை

நிறுத்துமிடத்தில் தூணை உரசுதல், சிக்னலில் முன் நிற்கும் வண்டியை இடித்தல், காரைப் பின்னோக்கி எடுக்கையில் சுவரில் மோதுதல் போன்ற சிறு விபத்துகள் பெரும்பாலும் காவல் நிலையப் பதிவேட்டுக்கோ மருத்துவமனைக்கோ வருவதில்லை. ஆயினும் அவை எவ்வயதினருக்கு, எவ்விதமாக நேர்கின்றன என்பதில் மருத்துவச் செய்தி உண்டு. பயணித்த தொலைவைக் கணக்கிற்கொண்டு பார்த்தால், விபத்து வாய்ப்பு இளவயதில் மிகுந்தும், நடுவயதில் குறைந்தும், ஏறத்தாழ 70 வயதுக்குப் பின் மீண்டும் உயர்ந்தும் காணப்படுகிறது. இவ்விரு உயர்வுகளுக்கும் காரணங்கள் வெவ்வேறு.

புதிய ஓட்டுநர்கள்

உரிமம் பெற்றுத் தனியே ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களே மிகுந்த ஆபத்துள்ள காலம். அருகில் அனுபவமுள்ளவர் அமர்ந்திருக்கும் பழகுநர் காலத்தில் விபத்துகள் குறைவு. அவர் இறங்கிய பின்னரே அவை கூடுகின்றன. கிளட்ச், கியர் ஆகியவை சில வாரங்களில் கைவந்துவிடும். சாலையைப் படிக்கும் பழக்கத்திற்கு மிக நீண்ட காலம் தேவைப்படும். புதியவரின் பார்வை காரின் முன்பகுதியை ஒட்டிய சாலையிலேயே நிலைத்திருக்கும். கண்ணாடிகளைப் பார்ப்பது குறைவு. நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தின் முன்புறமிருந்து ஒருவர் சாலையைக் கடக்கக்கூடும் என்று பழகியவர் முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பார். புதியவர் ஆளைக் கண்ட பின்னரே பிரேக்கை மிதிப்பார்.

40 வயதில் ஓட்டக் கற்பவரும் புதியவரே. எனினும் 18 வயதினருக்குக் கூடுதல் இடர்கள் உள்ளன. உந்துதலைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ச்சியடைந்துகொண்டே இருக்கும். இரவு நேரமும், உடன் வரும் நண்பர்களும், கைப்பேசியும் சேரும்போது ஆபத்து பன்மடங்காகும். சில நாடுகளில் புதிய இளம் ஓட்டுநர்களுக்கு இரவுப் பயணமும் நண்பர்களை ஏற்றிச் செல்வதும் சில காலம் தடை செய்யப்பட்டு, அதனால் விபத்துகள் குறைந்துள்ளன. அத்தகைய வரம்பைப் பெற்றோரே முதல் ஆறு மாதங்களுக்கு விதிக்கலாம். 18 வயது நிரம்பாதவரிடம் கார்ச் சாவியைக் கொடுப்பது வேறு செய்தி: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறார் வாகனக் குற்றம் புரிந்தால் பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்.

முதுமையில் நேரும் மாற்றங்கள்

60 வயதில் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதில் அடைவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆகவே பகலில் நன்றாக ஓட்டுபவர் இரவில் தடுமாறுவது இயல்பு. எதிரே வரும் முகப்பு விளக்கின் கூச்சம் தணியவும் முதியவர்க்குக் கூடுதல் நேரம் ஆகும். கண்புரை இருப்பின் இத்தொல்லை இன்னும் மிகும். கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோரிடம், செய்துகொள்ளாதோரைவிட விபத்து விகிதம் ஏறத்தாழ பாதியாக இருந்ததென அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறுகிறது. கண் நீர் அழுத்த நோய் இதற்கு மாறானது: பக்கப் பார்வை சிறிது சிறிதாகக் குறைவதால் நோயாளி அதை உணர்வதே இல்லை. பக்கத்திலிருந்து வரும் இருசக்கர வாகனம் “திடீரென்று முளைத்தது” என்று ஒருவர் அடிக்கடி சொன்னால், அவருக்குப் பார்வைப் புலப் பரிசோதனை தேவை.

கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர் தலையைத் திருப்ப இயலாமல் பின்னோக்கி எடுக்கையில் இடிப்பார். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவருக்கு, கால் பிரேக்கில் உள்ளதா ஆக்சிலரேட்டரில் உள்ளதா என்பது தெளிவாகத் தெரியாமற்போகலாம். எதிர்வரும் வண்டியின் வேகத்தைக் கணித்து வலப்புறம் திரும்புதல் முதுமையில் கடினமாகும் மற்றொரு செயல். வினைபுரிய அரை நொடி தாமதமானாலும், 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் கூடுதலாக 7 மீட்டர் சென்றுவிடும்.

இவற்றால் முதியவர் அனைவரும் ஓட்டுதலைக் கைவிட வேண்டும் என்பது பொருளன்று. பலர் இரவையும் மழையையும் நெரிசலையும் தாமே தவிர்த்து, பல்லாண்டு அனுபவத்தால் குறைகளை ஈடுசெய்கின்றனர். வயது எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பது மருத்துவ நோக்கில் சரியன்று. பார்வை, அசைவு, கவனம், நினைவு ஆகியவற்றையே ஆராய வேண்டும்.

மருந்துகள்

சளி, அரிப்புக்கான குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகளும், அல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்ற மருந்துகளும் மறுநாள் காலையிலும் கவனத்தை மந்தமாக்கக்கூடும். இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்போர் உணவைத் தவறவிட்டு ஓட்டுதல் கூடாது. வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் வண்டியை உடனே ஓரமாக நிறுத்திச் சர்க்கரை உட்கொள்ள வேண்டும். ‘வீடு பக்கம்தானே’ என்று தொடரலாகாது.

சிறு விபத்துக்குப் பின்

வண்டியில் சேதம் சிறிது என்பதால் உடலிலும் சிறிதே என்று கொள்ளக் கூடாது. பின்னிருந்து இடிபட்டவருக்குக் கழுத்து வலி மறுநாளே தோன்றலாம். முதியவர்க்கு இருக்கைப் பட்டையின் இறுக்கமே விலா எலும்பை முறிக்கப் போதுமானது. ஆனால் பட்டையின்றிச் சென்றால் நேரும் கேடு இதனினும் பெரிது. எனவே இதைக் காரணமாக்கிப் பட்டையைத் தவிர்க்க வேண்டாம்.

மிகுந்த கவனம் வேண்டுவது தலைக் காயமே. முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால், இலேசான அடியிலும் அதன் மேலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய் கிழிந்து மெல்லக் கசியலாம். இரத்தம் உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் எடுப்போருக்கு இவ்வாய்ப்பு கூடுதல். அறிகுறிகள் இரண்டு, மூன்று வாரங்கள் கழித்தும் வரலாம்: தொடர் தலைவலி, வழக்கத்திற்கு மாறான உறக்கம், தள்ளாடும் நடை, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, குழம்பிய பேச்சு. “வயதாகிவிட்டது, அதனால்தான்” என்று குடும்பத்தார் விட்டுவிடுவது இங்கேதான். உரிய நேரத்தில் ஸ்கேன் எடுத்துக் கண்டறிந்தால் பெரும்பாலோரைக் குணப்படுத்த முடியும். விபத்து நடந்ததை மருத்துவரிடம் மறவாமல் கூறுக. மயக்கம், வலிப்பு, தொடர் வாந்தி இருப்பின் காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

ஓர் உரசல் யாருக்கும் நேரும். சில மாதங்களில் காரில் புதுப்புதுக் கீறல்கள், நாள்தோறும் சென்ற வழியில் குழப்பம், பிற வண்டிகள் அடிக்கடி ஒலியெழுப்புதல் ஆகியவை சேர்ந்து வந்தால் அது மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். சாவியை மறைத்து வைப்பது பூசலையே வளர்க்கும். அவருடன் அருகமர்ந்து ஒருமுறை பயணித்துப் பாருங்கள். கண்டதைப் பழிக்காமல் சொல்லுங்கள். கண், செவி, நினைவுப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். இரவில் ஓட்டுவதை முதலில் நிறுத்தலாம். மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் உறவினர் இல்லத்திற்கும் அவர் எவ்வாறு செல்வார் என்பதற்கு மாற்று வழி செய்த பின்னரே முழுமையாக நிறுத்துமாறு கேட்பது முறை. வெளியே செல்லும் வழி அடைபட்ட முதியவர் மனச்சோர்வுக்கு ஆளாவதைக் காண்கிறோம்.

40 வயதைக் கடந்தோர் உரிமம் பெறவும் புதுப்பிக்கவும் மருத்துவச் சான்றான படிவம் 1அ தேவை. 55 வயதுக்கு மேல் உரிமம் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள வண்டியின் எண் பலகையைப் படிக்க இயல்கிறதா என்பதும் அச்சான்றில் கேட்கப்படும் வினாக்களுள் ஒன்று. இச்சான்றை வெறும் கையொப்பமாகக் கருதுவோர் பலர். நேரில் வந்து, அணியும் கண்ணாடியையும் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் உடன் கொண்டுவந்தால், அப்பரிசோதனையிலேயே பல குறைகளைக் கண்டறிந்து சரிசெய்ய இயலும்.