ஆக்ஸ்போர்டில் ஒரு வாரம் (அந்த ஆக்ஸ்போர்டு இல்லீங்க)

எங்க பக்கத்துத் தெரு சமூகக் கூடத்துல சாயங்காலம் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித்தர புதுசா பத்துப் பன்னிரண்டு காலேஜ் பசங்க சேர்ந்திருக்காங்க. "நீங்கதான் சார் பழைய ஆள், சனிக்கிழமை ஒரு மணி நேரம் அவங்களுக்கு ஏதாச்சும் சொல்லுங்க"ன்னு என் தலையில கட்டிட்டாங்க. நான் சேர்ந்தப்போ எனக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை. முதல் நாளே கரும்பலகை முன்னால நின்னு முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணினேன். மறுநாள் பாதிப் பிள்ளைங்க வரலை. அந்தக் கதையை விடுங்க.

என்ன பேசலாம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தப்போ, முன்னாடி படிச்ச ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்துச்சு. 1964 ஜூன் மாதம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ஸ்போர்டுன்னு ஒரு சின்ன ஊர். அங்கே பெண்களுக்கான வெஸ்டர்ன் கல்லூரி. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போகிற புதுத் தொண்டர்களுக்கு அந்தக் கல்லூரியில் ஒரு வாரப் பயிற்சி நடந்தது. இது மாதிரி ஒரு பயிற்சி இன்னொன்று நடந்திருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான்.

கொஞ்சம் பின்னணி. மிசிசிப்பி மாநிலத்தில் அப்போ கறுப்பின மக்கள் பெரும்பாலோருக்கு ஓட்டு கிடையாது. சட்டப்படி உண்டு, ஆனா பதிவு பண்ணப் போனா பரீட்சை, மிரட்டல், வேலை நீக்கம், சில சமயம் துப்பாக்கி. பள்ளிக்கூடமும் அதே லட்சணம்தான். மாநிலம் முழுக்கக் கணக்கெடுத்தா வெள்ளைக்காரக் குழந்தைக்குச் செலவழிச்ச பணம், கறுப்பினக் குழந்தைக்குச் செலவழிச்சதைப் போல சுமார் நாலு மடங்கு. ஹாலி பிளஃப்ன்னு ஒரு இடத்தில் உள்ளூர்ப் பணத்திலிருந்து வெள்ளைக் குழந்தைக்கு 190 டாலருக்கு மேல், கறுப்பினக் குழந்தைக்கு ஒன்றேகால் டாலர் சொச்சம். எழுத்துப் பிழை இல்லை, ஒன்றேகால்தான். பருத்தி பறிக்கிற பகுதிகளில் அறுவடைக்குப் பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்க, பிள்ளைங்களும் வயலுக்குப் போகணும்ங்கிறதால.

இந்த நிலைமையில்தான் சார்லி காப்ன்னு ஒரு இளைஞர், ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர், 1963 டிசம்பரில் ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தார். கோடையில் வடக்கேயிருந்து கல்லூரி மாணவர்கள் வரப் போறாங்க, அவங்களை வெச்சு 'சுதந்திரப் பள்ளிகள்' நடத்தலாம்னு. அரசுப் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டா அடி விழும், இங்கே கேள்வி கேட்கத்தான் சொல்லித்தரணும். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா சொல்லித்தரப் போறது யாரு? பெரும்பாலும் வசதியான வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள். மிசிசிப்பியை மேப்பில் மட்டும் பார்த்தவங்க. ஜாமீன் தேவைப்பட்டா கட்டுறதுக்கு 500 டாலர் கையில் வெச்சுக்கணும்னு நிபந்தனை, அப்போ எப்படிப்பட்ட வீடுகள்லேர்ந்து வந்திருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அங்கே வருஷக்கணக்கா அடிவாங்கி வேலை செஞ்ச உள்ளூர்க் கறுப்பின ஊழியர்கள் பலருக்கு இதில் இஷ்டமே இல்லை. நாங்க தட்டுத்தடுமாறி டைப் அடிக்கப் பழகினது போதும், இப்ப காலேஜ் படிச்சவன் வந்து மெஷினைப் பிடுங்கிக்குவான், அவனே தலைவனாயிடுவான்னு பயம். 1963 நவம்பரில் கிரீன்வில்லில் இதைப் பத்திப் பெரிய விவாதமே நடந்தது. அது நியாயமான பயம்தான். நல்லது செய்யணும்னு வர்றவன் தெரியாமலே எவ்வளவு கெடுதல் பண்ணிட முடியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

பயிற்சி இரண்டு தவணை. ஜூன் 14 முதல் ஒரு வாரம் வாக்காளர் பதிவு வேலைக்குப் போறவங்களுக்கு, ஜூன் 21 முதல் அடுத்த வாரம் பள்ளி ஆசிரியர்களுக்கு. தேசிய தேவாலயங்கள் கவுன்சில் செலவை ஏத்துக்கிச்சு.

முதல் வாரத்தில் ஒரு ராத்திரி நடந்தது இது. ஒரு ஆவணப்படம் போட்டாங்க. ஃபாரஸ்ட் கவுண்டியில் வாக்காளர் பதிவு அதிகாரி தெரன் லிண்ட், ரொம்ப பருமனான மனுஷன், திரையில் வந்து நிக்கிறார். இளைஞர்கள் கூட்டம் குபீர்னு சிரிச்சுடுச்சு. கார்ட்டூன் வில்லன் மாதிரி இருந்தாராம். உடனே மிசிசிப்பி ஊழியர்கள் சிலர் கோபத்தோட எழுந்து வெளியே போயிட்டாங்க. உங்களுக்கு இவன் கோமாளி, எங்களுக்கு இவன் யாருன்னு தெரியுமா? அன்னிக்கு ராத்திரி ரொம்ப நேரம் சண்டையும் பேச்சும் அழுகையுமா போயிருக்கு. பயிற்சித் திட்டத்தில் இந்தப் பாடம் இல்லவே இல்லை. ஆனா அந்த வாரத்தில் முக்கியமான வகுப்பு இதுதான்னு நான் நினைக்கிறேன். தான் உதவ வந்திருக்கிற ஆட்களோட வாழ்க்கை தனக்கு ஒரு வேடிக்கைக் காட்சியா இருந்ததுன்னு ஒருத்தன் அவமானத்தோட உணர்ந்தாதான் அவனை ஒரு குழந்தை முன்னால உட்கார வைக்கலாம்.

மத்தபடி நடைமுறைப் பாடங்கள். அடிக்க வந்தா எப்படிச் சுருண்டு படுத்துத் தலையைக் காப்பாத்திக்கிறது, காருக்குள்ளே எரியும் பல்பை ஏன் கழட்டிடணும் (ராத்திரி கதவைத் திறந்தா வெளிச்சத்தில் உருவம் தெரியக்கூடாது), ஜன்னல் பக்கம் ஏன் தூங்கக்கூடாது. மத்திய நீதித்துறையிலிருந்து ஜான் டோர் வந்தார். எங்களைக் காப்பாத்த என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க. மத்திய அரசிடம் அதற்கான போலீஸ் படை கிடையாதுன்னு உள்ளதைச் சொன்னார். கூச்சல் போட்டாங்க பசங்க. ஆனாலும் பொய் சொல்லாம அனுப்பினதை நான் மதிக்கிறேன்.

இந்த முதல் வாரத்தில் பயிற்சிக்கு வந்தவங்களில் மைக்கேல் ஷ்வெர்னர், வயசு 24, நியூயார்க்காரர். மனைவி ரீட்டாவோட ஜனவரியிலிருந்தே மிசிசிப்பியில் மெரிடியன் ஊரில் ஒரு சமூக மையம் நடத்திக்கிட்டிருந்தார். நூலகம், குழந்தைகளுக்குக் கதை நேரம், தையல் வகுப்பு. நம்ம ஊர்க் கூடம் மாதிரியேதான். கூட வேலை செஞ்சவர் ஜேம்ஸ் சேனி, 21 வயசு, மெரிடியன்காரர், கறுப்பினத்தவர். பக்கத்து நெஷோபா கவுண்டியில் மவுண்ட் சயான்ங்கிற சின்ன தேவாலயத்தில் சுதந்திரப் பள்ளி நடத்த இரண்டு பேரும் ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. ஜூன் 16 ராத்திரி அந்தத் தேவாலயத்தை எரிச்சுட்டாங்க. செய்தி ஒஹையோவுக்கு வந்ததும் இவங்க கிளம்பினாங்க. கூட ஆண்ட்ரூ குட்மேன், 20 வயசு, குயின்ஸ் கல்லூரி மாணவர், புதுத் தொண்டர்.

ஜூன் 21 ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் எரிஞ்ச தேவாலயத்தைப் பார்க்கப் போனாங்க. திரும்பும்போது துணை ஷெரிஃப் கைது பண்ணினார், ராத்திரி பத்தரை மணிவாக்கில் விட்டார். அப்புறம் காணோம்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் ஒஹையோவில் இரண்டாவது தவணை ஆரம்பம். சுமார் முந்நூறு பேர், பெரும்பாலும் ஆசிரியர் வேலைக்கு. (பெண்களைத்தான் அதிகமா இந்த வேலைக்குத் தள்ளினாங்க. சுதந்திரப் போராட்டத்திலும் டீச்சர்னா பொம்பளை வேலைதான்!) திங்கட்கிழமை பாப் மோசஸ் மேடைக்கு வந்தார். நியூயார்க்கில் கணக்கு வாத்தியாரா இருந்து அதை விட்டுட்டு மிசிசிப்பிக்கு வந்தவர், மொத்தத் திட்டத்துக்கும் இயக்குநர். சத்தம் போட்டுப் பேசவே தெரியாதாம், காலைப் பார்த்துக்கிட்டே மெதுவா, நடுநடுவே நிறுத்திப் பேசுவாராம். நேத்து போன மூன்று பேரைக் காணோம்னு சொன்னார். ரீட்டா ஷ்வெர்னரும் அங்கேதான் இருந்தாங்க. எல்லாரும் அவங்கவங்க ஊர் நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தந்தி கொடுங்கன்னு கேட்டாங்க. மறுநாள் எரிஞ்ச கார் கிடைச்சுது.

அந்த வாரம் முழுக்க இந்த நிழலில்தான் பாடம் எப்படி நடத்துறதுன்னு பேசியிருக்காங்க. நோயல் டேன்னு ஒருத்தர் பயிற்றுமுறைக் குறிப்பு எழுதியிருந்தார். வட்டமா உட்காருங்க. நீண்ட உரை வேண்டாம். குழந்தையோட அனுபவத்திலிருந்து ஆரம்பிங்க. கோபமோ பயமோ வெளிப்பட்டா அதைக் கண்டுக்காம தாண்டிப் போகாதீங்க. பாடத்திட்டத்தோட மையக் கேள்விகளும் அருமை. பெரும்பான்மை சமூகத்துக்கிட்ட இருக்கிறதில் நமக்கு எது வேணும், எது வேண்டாம், நம்மகிட்ட இருக்கிறதில் எதை விடாம வெச்சுக்கணும். மூணாவது கேள்வியை நான் எந்தப் பயிற்சியிலும் கேட்டதில்லை. ஏழைப் பிள்ளைன்னா அவன்கிட்ட இல்லாததைத்தான் நாம பட்டியல் போடுவோம்.

வாரக் கடைசியில் மோசஸ் அவங்ககிட்ட மறைக்கலை. மூன்று பேரும் செத்திருப்பாங்கன்னுதான் நினைக்கிறதா சொன்னார். திரும்பிப் போறவங்களை யாரும் குறைவா நினைக்க மாட்டோம்னும் சொன்னார். இவ்வளவுக்கும் நடுவில் குழந்தைகளைப் பத்தியும் பேசியிருக்கார்: பொறுமையா இருங்க, மெதுவா இருக்கிறது வேற, மக்கா இருக்கிறது வேற. நண்பர்கள் செத்துட்டாங்கன்னு தெரிஞ்ச ஒரு மனுஷன் அந்த நேரத்திலும் இதைச் சொல்ல ஞாபகம் வெச்சிருந்தாரேங்கிறதுதான் என்னை இன்னும் உலுக்குது. வீட்டுக்குத் திரும்பினவங்க மிகச் சிலர்தான். மத்தவங்க பஸ் ஏறினாங்க.

ஜூலை 2, ஹாட்டிஸ்பர்க்கில் பள்ளிப் பதிவு. அதே ஃபாரஸ்ட் கவுண்டி, அந்தப் பருமனான அதிகாரியோட ஊர். ஒரே நாளில் ஐந்நூறு பேருக்கு மேல வந்துட்டாங்க. திட்டம் போட்டது மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு. வந்ததோ சின்னக் குழந்தையிலிருந்து, தானே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்ட 82 வயசுத் தாத்தா வரைக்கும். பல தேவாலயங்களில் பிரிச்சு நடத்தினாங்க. மாநிலம் முழுக்க ஆயிரம் பேர் வருவாங்கன்னு எதிர்பார்த்து, இரண்டாயிரத்துக்கும் மேல, நாற்பத்தியோரு பள்ளிகள். பிள்ளைங்க பிரெஞ்சு கேட்டாங்க. டைப்பிங் கேட்டாங்க. தங்களோட வரலாற்றைக் கேட்டாங்க. வெள்ளைக்காரப் பள்ளியில் எதெல்லாம் உண்டோ அதெல்லாம் கேட்டாங்க. பத்திரிகை நடத்தினாங்க.

மெக்கோம்ப் ஊரில் ஜூலை 8 அன்னிக்குத் தொண்டர்கள் தங்கியிருந்த வீட்டில் குண்டு வெச்சாங்க. தேவாலயத்தில் இடம் கொடுக்கப் பெரியவங்களுக்குப் பயம், அதனால் வகுப்பு புல்தரையில் நடந்தது. அப்போ 16 வயசு மாணவி ஒருத்தி குண்டு விழுந்த அந்த வீட்டைப் பத்தி ஒரு கவிதை எழுதினாள். அதைப் படிச்ச பெரியவங்க வெட்கப்பட்டு தேவாலயக் கதவைத் திறந்துவிட்டாங்க. எந்த டீச்சரும் பேசிச் சாதிச்சிருக்க முடியாது இதை.

மூன்று பேர் உடலும் ஆகஸ்ட் 4 அன்னிக்கு ஒரு மண் அணைக்குள்ளே கிடைச்சுது. சேனி மட்டும் தனியாகக் காணாமல் போயிருந்தா யாரும் தேடியிருக்க மாட்டாங்கன்னு ரீட்டா பத்திரிகைக்காரங்க முகத்துக்கு நேரா சொன்னாங்க. ஆகஸ்ட் 7, மெரிடியனில் சேனிக்கு அஞ்சலிக் கூட்டம். அதே நாட்களில், அதே மெரிடியனில், எல்லாச் சுதந்திரப் பள்ளிப் பிள்ளைகளும் பிரதிநிதிகளை அனுப்பி மாநாடு கூட்டினாங்க. பள்ளி, வீடு, வேலை, ஓட்டுன்னு தலைப்புத் தலைப்பா தீர்மானம் போட்டாங்க, பெரியவங்க தலையீடு இல்லாம. கொலைக்காக மிசிசிப்பி நீதிமன்றத்தில் ஒருத்தன் குற்றவாளின்னு தீர்ப்பாக 2005 ஜூன் 21 வரை, சரியா 41 வருஷம், ஆச்சு.

மோசஸ் மறுபடி கணக்கு வாத்தியாரானார். 1982லிருந்து ஏழைப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா சொல்லித்தர ஒரு திட்டம் நடத்தினார். 2021 ஜூலையில் இறந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு என் முறை. நம்ம கூடத்தில் யாரும் யாரையும் சுடப் போறதில்லை, அதனால் பல்பு கதையெல்லாம் சொல்லப் போறதில்லை. அந்தப் படக்காட்சியை மட்டும் சொல்லலாம்னு இருக்கேன். நாற்காலியெல்லாம் வட்டமா போடச் சொன்னேன், "வரிசையா போட்டாதானே சார் நல்லாருக்கும்?"னு வாட்ச்மேன் அண்ணன் கேட்டார். அந்த மூணாவது கேள்வியை முதல்ல அவர்கிட்டயே கேட்டுப் பார்க்கணும், அவரோட இரண்டு பிள்ளைங்களும் நம்ம வகுப்புதான் :-)