போர் லொறி வீடான வரலாறு

1939ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, பிரித்தானியப் போர் அலுவலகம் லூட்டன் நகரிலிருந்த வொக்ஸ்ஹோல் தொழிற்சாலையிடம் புதுவகை லொறியொன்றைக் கேட்டது. மூன்று தொன் பாரம் சுமக்க வேண்டும். நான்கு சில்லுகளையும் எஞ்சின் உந்த வேண்டும். வீதியென்று சொல்ல ஒன்றுமில்லாத நிலத்திலும் அது செல்ல வேண்டும். அத்தொழிற்சாலை 1931 முதல் பெட்போர்ட் என்னும் பெயரில் லொறிகளைச் செய்து வந்ததாயினும், முன்சில்லுகளும் உந்தப்படும் லொறியை அதுவரை விற்றதில்லை. 1940 பெப்ருவரியில் முதல் மாதிரி ஓடியது. அடுத்த ஆண்டு உற்பத்தி தொடங்கிற்று. போர் முடிவதற்குள் சுமார் 52,000 வண்டிகள் வெளிவந்தன. 'கியூ. எல்.' என்பது அதற்கிட்ட பெயர்.

இலங்கை வீதிகளில் மூக்கு நீண்ட பெட்போர்ட் லொறிகளைக் கண்டு பழகிய நேயர்களுக்கு இவ்வண்டி மூக்கறுந்ததாகவே தோன்றும். எஞ்சினுக்குப் பின்னால் இருக்க வேண்டிய சாரதியை எஞ்சினின் பக்கத்திலேயே ஏற்றி அமர்த்திவிட்டார்கள். வண்டியின் நீளம் கூடாமலே சரக்குத்தட்டின் நீளம் கூடிற்று. இராணுவத்துக்கு அது பேரிலாபம். சாரதியின் பாடோ வேறு. அவருக்கும் துணைவருக்கும் நடுவே ஒரு மூடி. அம்மூடியின் கீழே எஞ்சின். குளிர்நாட்டில் அது கணப்பு, பாலைவனத்தில் அடுப்பு. 1953இல் இதன் வழித்தோன்றலாக வந்த 'ஆர். எல்.' வண்டியும் மூக்கில்லாத வண்டியே.

போர் முடிந்ததும் இவற்றுட் பல அரசாங்கத்துக்கு வேண்டாத பொருளாயின. நொட்டிங்காமுக்கு அருகே ரடிங்டன் என்னுமிடத்தில் இராணுவக் கழிவுப்பொருள்கள் ஆண்டுக்கணக்கில் ஏலம் விடப்பட்டன. விவசாயிகளும் மரம் ஏற்றுவோரும் லொறிகளை வாங்கினர். பின்னர் இன்னொரு கூட்டமும் ஏலத்துக்கு வரத் தொடங்கியது. அவர்களுக்கு வேண்டியது சரக்கு வண்டியன்று. உலகைச் சுற்ற ஒரு வீடு.

தரைவழியே ஆசியாவைக் கடக்கலாம் என்ற நம்பிக்கையை முன்னரே ஒரு பஸ்வண்டி ஊட்டியிருந்தது. 1957 ஏப்ரல் 15ஆம் நாள் இலண்டனை விட்டுப் புறப்பட்ட 'இந்தியாமன்' என்னும் அவ்வண்டி யூன் 5ஆம் நாள் கல்கத்தாவை அடைந்தது. ஒருவழிக் கட்டணம் 85 பவுண். அதன்பின் அறுபதுகளில், பழைய இராணுவ லொறிகளில் ஆசனங்களைப் பூட்டிப் பயணிகளை ஏற்றிய நிறுவனங்களும் எழுந்தன. லொறியையே வாழ்மனையாக்கிக் குடும்பத்தோடு புறப்பட்ட தனியாட்களும் இருந்தனர். முன்னவர்கள் கூடாரத்தில் உறங்கினார்கள். பின்னவர்களுக்கே உண்மையான சிக்கல் காத்திருந்தது.

லொறியின் அடிச்சட்டம் நீண்ட இரு உருக்குத் தண்டுகளாலும், அவற்றைப் பிணைக்கும் குறுக்குத் தண்டுகளாலும் ஆனது. முன்புறத்து இடச்சில்லு பாறைமேல் ஏற, பின்புறத்து வலச்சில்லும் மேடேறினால், ஈரத்துணியைப் பிழிவதுபோல அச்சட்டம் முறுக்குண்ணும். இது குறையன்று, வேண்டுமென்றே விட்ட நெகிழ்ச்சி. சட்டம் வளைந்து கொடுப்பதனால் நான்கு சில்லுகளும் நிலத்தைவிட்டு எளிதில் எழுவதில்லை. இராணுவத்தின் பலகைத்தட்டும் அதன்மேல் விரித்த கன்வஸ் துணியும் சட்டத்தோடு சேர்ந்து முறுகின; தீங்கொன்றும் விளையவில்லை.

வீடு அப்படி முறுகலாகாது. ஒட்டுப்பலகையாலும் அலுமினியத் தகட்டாலும் அழகிய அறையொன்றைச் செய்து, அதைச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கியவர் முதற் கரடுமுரடான பாதையிலேயே பிழையை அறிந்தார். கதவு திறக்க மறுக்கும். யன்னற் கண்ணாடி வெடிக்கும். மூலைப்பொருத்துகள் வாய்பிளந்து தூசியை உள்ளே விடும். அறை மிக உறுதியாக இருந்துவிட்டால் இன்னும் கேடு: அறை நிற்க, அதன் விளிம்புக்கு முன்னால் சாரதியறையின் பின்புறத்தில் சட்டமே வெடிக்கும். அதை ஒட்டவைக்க நடுவழியில் யார் இருக்கிறார்கள்?

அடுப்புக்கு மூன்று கல் வைக்கும் கிராமத்தவர் அறிந்த உண்மையே இதற்குப் பரிகாரமாயிற்று. மேடுபள்ளமான நிலத்தில் மூன்று கற்கள் ஆடாது, நான்கு ஆடும். அறைக்கெனத் தனியான உட்சட்டமொன்றைச் செய்து, அதை ஒரு முனையில் இரண்டு இடங்களிலும், மறுமுனையின் நடுவே சுழலும் அச்சொன்றிலும் தாங்கவைத்தனர். கீழே சட்டம் முறுகும். மேலே வீடு நேராக நிற்கும். வேறு சிலர் ஒரு முனையை இறுக்கி, மறுமுனையைச் சுருள்வில்லோடு பூட்டினர். சாரதியறையிலிருந்து வீட்டுக்குள் போக வழி வைத்தவர்கள் இரண்டுக்கும் இடையில் றப்பராலோ கன்வஸ் துணியாலோ மடிப்புறை போட வேண்டியிருந்தது.

பாரமும் கவனிக்கப்பட வேண்டியது. இருநூறு லீற்றர் தண்ணீர் இருநூறு கிலோ. அதை மேலே வைத்தால் சரிவில் வண்டி கவிழ இடமாகும். ஆகவே தண்ணீரும் பற்றரியும் கீழே, உடையும் படுக்கையும் மேலே. பெற்றோலைக் குடிப்பதிலும் இவ்வண்டி சளைத்ததன்று; ஒரு கலனுக்குப் பத்து மைல் ஓடுவதே அரிது. அதனாற் பலர் டீசல் எஞ்சினை மாற்றிப் பொருத்தினர்.

மணலில் வண்டி புதைந்தால் மீட்கும் கருவியும் போரின் எச்சமே. 1920களின் பிற்பகுதியில் லிபியப் பாலைவனத்தை மோட்டாரிற் கடக்க முயன்ற றால்ப் பாக்னோல்ட் என்ற இராணுவ அதிகாரி, முதலாம் உலகப்போரில் பதுங்குகுழிக்குக் கூரையிடச் செய்த உருக்குத் தகடுகளைக் கைரோவின் பழம்பொருட் கடையொன்றிற் கண்டெடுத்துச் சில்லுகளுக்குக் கீழே இட்டார். றேடியேற்றரிலிருந்து வெளியேறும் நீராவியைக் குழாய்வழியே ஒரு தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் விட்டு, எஞ்சின் ஆறும்போது அத்தண்ணீரை அதுவே மீள உறிஞ்சும்படியும் அவர் செய்தார். பின்வந்தவர்கள், இரண்டாம் உலகப்போரில் விமானத்தளங்களில் விரித்த துளையிட்ட உருக்குத் தகடுகளை வண்டியின் பக்கங்களிற் கட்டிக்கொண்டு சென்றனர். பின்சில்லுகள் இரட்டையாக இல்லாமல் ஒற்றையாக இருந்ததும் பெட்போர்ட் வண்டிக்கு வாய்ப்பாயிற்று. முன்சில்லு அழுத்திய தடத்திலேயே பின்சில்லும் உருளும்.

இஸ்தான்புல், தெஹிரான், ஹெராத், காபூல், கைபர் கணவாய், டில்லி, காத்மண்டு என்று அவர்களின் வழி நீண்டது. பொஸ்பரஸ் நீரிணையை 1973 ஒக்ரோபரில் பாலம் திறக்கும்வரை படகிலேற்றிக் கடந்தனர். 1979இல் ஈரானிற் புரட்சி. அவ்வாண்டின் இறுதியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தன. போருக்கென்று பிறந்த வண்டிகள் அமைதியாக ஓடிய வீதியைப் போரே அடைத்தது.

லொறிக்காரர்களுட் பலர் ஆபிரிக்காவை நோக்கித் திரும்பினர். அல்ஜீரியாவின் தமன்ராசெட் ஊடாகச் சகாராவைக் கடந்தனர். 1990களில் அல்ஜீரிய உள்நாட்டுப்போரால் அவ்வழியும் ஆபத்தாகவே, மொறொக்கோவையும் மொறித்தானியாவையும் தொட்டு அத்திலாந்திக் கரையோரமாக வண்டிகளைச் செலுத்தினர். துளையிட்ட தகடுகள் பக்கங்களில் அப்படியே தொங்கின.